வலது பக்கம் ஒன்றரை மீட்டர்

மார்ச் 2

அக்காவுக்கு,

போன் செய்தால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது. போன தடவை, "இனிமே என்னைக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டு வைத்தாய். சரி, கூப்பிடவில்லை. எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றிய விஷயம். நம் குடும்பத்துக்கு வாய்த்த ஒரே மாப்பிள்ளை, நாலு கால், பதினேழு வயது, தீனி பத்து நிமிடம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அதே குதிரைதான். போன ஆகஸ்டில் நீ விழுந்த பிறகு அதன் மேல் யாரும் ஏறவில்லை. சவாரிப் பள்ளியின் பதிவேட்டில் அதன் பெயருக்கு நேரே "சத்தத்துக்கு மிரளும்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "பள்ளிக் குதிரைன்னா புதுசா கத்துக்கிறவங்க ஏறணும் சார். யாரும் ஏற முடியாத குதிரைய வச்சு நாங்க என்ன பண்றது?" என்றார்.

ஜூன் 15 பள்ளியின் உள்போட்டி. அதில் ஒரு புதியவர் மாப்பிள்ளையின் மேல் ஏறி, டிரெஸ்ஸாஜ் ஆரம்பப் பாடத்தைக் கடைசிவரை செய்து, நூற்றுக்கு ஐம்பத்தைந்து வாங்கினால் குதிரை இங்கேயே இருக்கும். இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். இந்த வயதுக் குதிரையை அனுப்புவது என்றால் எங்கே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பெற்றோரும் தங்கள் பிள்ளையை ஏற்றிவிட முன்வரவில்லை. நான் பெயர் கொடுத்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயது, தொப்பை, சர்வேயர் வேலை, குதிரையைத் தடவிக் கொடுத்ததைத் தவிர வேறு அனுபவம் கிடையாது. ஆனால் அன்று மைதானத்தை அளந்துகொண்டிருந்தவனும், உருக்கு டேப்பைச் சுருட்டியவனும் நான். அந்தச் சத்தத்தில் அது ஒதுங்கியது, நீ விழுந்தாய். கெடுத்தவன்தானே சரிசெய்ய வேண்டும்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்காதே. தெரியவில்லை. காலையில் போய் நிலம் அளக்கிறேன், மாலையில் வந்து சாப்பிடுகிறேன், என் மனைவி கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். எப்படி உட்கார வேண்டும் என்று மட்டும் எழுது.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

ஆழம் தெரியாமல் காலை விடுவது உனக்குப் பிறவிக் குணம். ஐந்து வயதில் கிணற்றில், இப்போது சேணத்தில் தொங்கும் அங்கவடியில்.

இங்கே மறுவாழ்வு மையத்தில் எனக்குக் காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை நடைப் பயிற்சி. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடக்கச் சொல்கிறார்கள். இருபது அடி நடந்தால் கை தட்டுகிறார்கள். ஊருக்கெல்லாம் சவாரி சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்த மரியாதை.

டிரெஸ்ஸாஜ் என்றால் குதிரையை ஆட வைப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உன் பாடத்தில் ஆட்டம் பாட்டம் ஒன்றும் இல்லை. இருபதுக்கு நாற்பது மீட்டர் மணல் மைதானம், ஓரத்தில் எட்டு எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் திரும்பச் சொல்கிறார்களோ அங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கே நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதைச் சரியாகச் செய்யப் பத்து வருடம் ஆகும், உனக்கு மூன்று மாதம் இருக்கிறது.

உட்காருவதைப் பற்றி. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சோபாவில் சாய்வதைப் போல் சாயாதே. குதிரையை அடியிலிருந்து உருவி எடுத்துவிட்டால் நீ மண்ணில் காலூன்றி நிற்க வேண்டும், பின்னால் விழக் கூடாது. இரண்டு புட்டத்திலும் ஒரே எடை. பார்வை அடுத்த எழுத்தில். குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டே போகாதே, அது எங்கும் ஓடிவிடாது. கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காதே. வயிற்றை எக்கிக்கொள்ளாதே, மூச்சு விடு.

முதல் பதினைந்து நாள் நடை மட்டும். ட்ராட் என்ற துள்ளோட்டம் ஓட்டுகிறேன் பேர்வழி என்று இடுப்பை உடைத்துக்கொண்டு என் பக்கத்துக் கட்டிலுக்கு வந்துவிடாதே.

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

நீ சொன்னபடி நடை மட்டும் ஓட்டினேன். நேற்றிலிருந்து ட்ராட். விழவில்லை. மாப்பிள்ளை என்னைச் சகித்துக்கொள்கிறது.

முதலில் மைதானத்தை அளந்தேன். நீளத்தில் மூன்று சென்டிமீட்டர் குறைகிறது, மற்றபடி சரி. எழுத்துப் பலகைகளும் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. பிறகு ஒரு வேலை செய்தேன். மணலை வாரிச் சமப்படுத்திவிட்டு, ஒரே ஒரு இருபது மீட்டர் வட்டம் ஓட்டுகிறேன். இறங்கி, குதிரையைக் கட்டிவிட்டு, வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து குளம்புத் தடம்வரை அளக்கிறேன். துணி டேப்தான். உருக்கு டேப்பை நான் இப்போது தொடுவதில்லை, அலுவலகத்திலும்.

எல்லாப் பக்கமும் பத்து மீட்டர் வர வேண்டும். மூன்று பக்கம் வேலி காப்பாற்றிவிடுகிறது. மைதானத்தின் நடுவை நோக்கிய திறந்த பக்கத்தில்தான் குட்டு வெளிப்படுகிறது. இடப்பக்கமாகச் சுற்றினால் அங்கே வட்டம் ஒன்றரை மீட்டர் வெளியே பிதுங்குகிறது. வலப்பக்கமாகச் சுற்றினால் ஒன்றரை மீட்டர் உள்ளே சுருங்குகிறது. அதாவது எப்படிச் சுற்றினாலும் குதிரை தன் வலது பக்கமாக ஒதுங்குகிறது. ஒன்பது வட்டம் அளந்துவிட்டேன், எல்லாவற்றிலும் இதேதான். வரைபடம் இணைத்திருக்கிறேன்.

மைதானத்தின் நடுவில் நின்று துணி டேப்பைச் சுற்றும்போது என் கைகளைப் பார்த்தேன். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போல் இருந்தது.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் வாயால்தான் சொன்னாள், நீ டேப் வைத்து அளந்தே பார்த்துவிட்டாய். உன் வரைபடத்தை இங்கே பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் காட்டினேன். "உங்க தம்பி கல்யாணத்துக்கு முன்னாடியும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

காரணம் எளிது. உன் வலது கால் தூங்குகிறது. புதியவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சரிவார்கள். உன் இடது இடுப்பு மடங்கியிருக்கும், வலது கால் சும்மா தொங்கும். பின்னாலிருந்து யாரையாவது படம் எடுக்கச் சொல்லிப் பார்.

இன்னொன்று. எழுத்துக்கு நேரே நிறுத்து என்றால், குதிரையின் மூக்கு அல்ல, உன் உடம்பு எழுத்துக்கு நேரே வர வேண்டும். நாலு அடி முன்பே தயாராகு. மூலைகளைத் தின்னாதே. ஒவ்வொரு மூலையும் ஒரு சின்னத் திருப்பம், அதை முழுசாகச் செய்தால் அடுத்த கோடு தானாக நேராகும்.

கைத்தடி ஊன்றி நடக்கிறேன். ஜூன் 20 அன்று வீட்டுக்கு அனுப்புவார்களாம். என் பயிற்சியாளர் இடத்தை ஆகஸ்ட்வரை காலியாக வைத்திருப்பதாகப் பள்ளியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். குதிரை மேல் ஏற முடியாவிட்டாலும் கீழே நின்று சொல்லிக் கொடுக்கலாம். அது ஒன்றை நினைத்துத்தான் கம்பிகளுக்கு நடுவில் நடக்கிறேன்.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

எழுத்துகளில் நிற்பது இப்போது சரியாக வருகிறது. பத்தில் எட்டுத் தடவை அரை மீட்டருக்குள் நிற்கிறேன். மூலைகளையும் ஒழுங்காகப் போகிறேன். மனைவியைப் பின்னாலிருந்து படம் எடுக்கச் சொன்னேன். "ஆபீஸ் நாற்காலியில ஒரு நாளாவது இப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கீங்களா?" என்றாள். படத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறேன். இரண்டு அங்கவடியும் ஒரே உயரம்.

வலது பக்கம் ஒதுங்குவது மட்டும் போகவில்லை. பள்ளியின் இன்னொரு பயிற்சியாளரை ஏறச் சொன்னேன். அவருக்கு இருபது வருட அனுபவம். இறங்கியதும் அளந்தேன். ஒன்றே கால் மீட்டர், வலது பக்கம். ஆகவே இது நான் இல்லை, குதிரை.

உன் அலமாரியிலிருந்து பழைய மதிப்பெண் தாள்களை எடுத்துவந்தேன். கேட்காமல் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். பதினொரு வருடத் தாள்கள் இருக்கின்றன. பத்து வருடம் நடுவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள், வலது பக்கம் என்ற பேச்சே இல்லை. போன வருடம் ஜனவரிப் போட்டியில் முதல் தடவை "வலதுபுறம் சாய்கிறது" என்று வருகிறது. பிப்ரவரியில் வருகிறது. ஏப்ரலில் இரண்டு தடவை. ஜூனில் நாலு தடவை.

அந்த ஜனவரியில் அதற்கு வலது பக்கம் ஏதாவது அடிபட்டதா? உனக்குத்தானே தெரியும். வலி இருந்தால் மருத்துவரைக் கூட்டிவந்து காட்டுகிறேன். சீக்கிரம் எழுது. நாற்பத்து மூன்று நாள்தான் இருக்கிறது.

தம்பி


மே 20

அக்காவுக்கு,

பதில் இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று நினைத்து மறுபடி எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். நாலு காலையும் மடக்கிப் பார்த்தார், முதுகை அழுத்திப் பார்த்தார், ஓட விட்டுப் பார்த்தார். "உங்க வயசுக்கு உங்களுக்கு இருக்கிற வலிகூட இதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வட்டத்துக்குப் பத்தில் மூன்றுதான் கிடைக்கும். வட்டம் இரண்டு தடவை வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு ஐம்பத்திரண்டுக்கு மேல் வராது. நேற்று மேலாளர், குதிரையை ஏற்றிப்போக வண்டிக்குச் சொல்லிவைக்கட்டுமா என்று கேட்டார். "இன்னும் நாள் இருக்கே" என்றேன். லாயத்துக்குப் போய் அதன் கழுத்தருகில் கொஞ்ச நேரம் நின்றேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். தோன்றவில்லை. அதுவாவது தலையால் என்னை முட்டித் தள்ளியது.

உனக்குத் தெரிந்தது எதுவாக இருந்தாலும் எழுது.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

கிடைத்தது. இரண்டுமே கிடைத்தன. ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஆறாவது.

குதிரைக்கு ஒன்றுமில்லை. அடிபட்டது எனக்கு. அடிகூட இல்லை, போன வருடம் ஜனவரியிலிருந்து என் வலது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்வு குறைந்துகொண்டே வந்தது. முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று இப்போது தெரியும். அப்போது நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் ஏறாதே என்பார்கள். அங்கவடியில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்வேன். எட்டு மாதம் அப்படி ஓட்டினேன். வலது காலிலிருந்து மாப்பிள்ளைக்கு எந்தச் சேதியும் போகவில்லை. தாங்கிப் பிடிக்கக் கால் இல்லாத பக்கமாக அது ஒதுங்கிப் பழகிவிட்டது. நீ மணலில் அளந்தது என் காலை.

ஆகஸ்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூலையில் திரும்பும்போது வலது கால் அங்கவடியிலிருந்து கழன்றது எனக்குத் தெரியவில்லை. வலது பக்கமாகச் சரிந்தேன். எடை ஒரே பக்கம் வந்ததால் குதிரை ஒதுங்கியது. நான் சரிவதைப் பார்த்துப் பதறி, நீ டேப்பைக் கைவிட்டுவிட்டு ஓடிவந்தாய். அது தானாகச் சுருண்டது. அந்தச் சத்தம் கேட்டபோது நான் பாதி கீழே இருந்தேன். நீ டேப்பைச் சுருட்டவே இல்லைடா.

ஆஸ்பத்திரியில் மேலாளர், "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார். "டேப் சத்தம்" என்று வாயில் வந்துவிட்டது. நீ பக்கத்தில் நின்றாய். உடனே "ஆமா, என் தப்புதான்" என்றாய். யோசிக்கவே இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. பிறகு ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், உன் குரலைக் கேட்டால் கோபமாக மாறிவிடும். செய்த தப்பு என் பக்கம், கத்தியதும் நான்.

மேலாளருக்கு ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை, படித்துப் பார். இதைக் கொடுத்தால் குதிரையின் பெயருக்கு நேரே உள்ள சிவப்பு மை அழியும். என் இடமும் போகும். காலில் உணர்வில்லாமல் எட்டு மாதம் பிள்ளைகளுக்கு நடுவில் குதிரை ஓட்டியவளை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

கொடுக்காவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு எட்டிலும் வலது காலால் மெல்லத் தொடு. உதைக்காதே, அழுத்திக்கொண்டே இருக்காதே. தொடு, விடு, பதிலுக்குக் காத்திரு. பதில் வந்ததும் கழுத்தைத் தடவு. அந்தப் பக்கமும் ஒரு ஆள் இருக்கிறான் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

அக்கா


ஜூன் 6

அக்கா,

வந்தது. இரண்டு தடவை படித்தேன். மனைவியிடம் கொடுத்தேன், அவள் படித்துவிட்டு அழுதாள். நான் போய்ப் பல் துலக்கினேன்.

பத்து மாதமாகத் தினமும் என் கட்டைவிரல் அந்த டேப்பின் பொத்தானை அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது. அது நடக்கவே இல்லை என்கிறாய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மேலாளருக்கு நீயே தபாலில் அனுப்பியிருக்கலாம். இதையும் என் தலையில்தான் கட்டியிருக்கிறாய்.

வலது காலால் தொட்டுப் பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இன்று தொண்ணூறு சென்டிமீட்டர்.

தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

திட்டாமல் எழுதியிருக்கிறாய். அதுதான் பயமாக இருக்கிறது.

நீ சொன்னது சரி, என் கையால் தபாலில் போடத் தைரியம் வரவில்லை. தபால் பெட்டி இந்த வராந்தாவின் கோடியில்தான் இருக்கிறது. இருபது அடி.

போட்டியன்று அரை மணி நேரம் முன்பே ஏறி, நடையிலேயே சுற்று. நடுக்கோட்டில் நுழையும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவரின் தொப்பியைப் பார். தொப்பி இல்லையென்றால் நெற்றியைப் பார். கோடு நேராக வரும்.

அக்கா


ஜூன் 16

அக்கா,

குதிரை தப்பித்துவிட்டது. ஐம்பத்தேழு புள்ளி நாலு. நீ கடைசி வரிக்குத் தாவுகிறவள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நடுக்கோட்டில் நேராக வந்தேன். நின்று வணங்கியது எழுத்துக்கு நேரே. இடப்பக்க வட்டம் நாற்பது சென்டிமீட்டர்தான் பிதுங்கியது, ஏழு கொடுத்தார்கள். வலப்பக்க வட்டத்துக்கு ஆறு. நடுவில் ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. மாப்பிள்ளை ஒரு காதைக்கூடத் திருப்பவில்லை, நான்தான் துள்ளினேன். நடுவர் தாளின் கீழே, "துல்லியம் நன்று. சவாரி செய்பவர் மூச்சு விட்டால் இன்னும் நன்று" என்று எழுதியிருக்கிறார். தாளை உனக்காக வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் என் கோட்டின் உள்பையில் இருந்தது. கொடுப்பதில்லை என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். ஜெயித்தால் அதற்குத் தேவையே இல்லை. தோற்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஜெயித்துவிட்டேன். குதிரையை லாயத்தில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். மேலாளர் வந்து தோளில் தட்டினார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். "போகட்டும் சார், அன்னைக்குப் பண்ண தப்புக்கு இன்னைக்கு ஈடு கட்டிட்டீங்க."

சிரித்தேன். நன்றி சொன்னேன். வண்டி நிற்கும் இடம்வரை நடந்தேன். பிறகு திரும்பிப் போய் உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தார். "இது உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றார். "பத்து நாளா." மறுபடி படித்தார். "இதுக்கப்புறம் அவங்கள நாங்க எடுக்க முடியாதே சார்" என்றார். "தெரியும்" என்றேன்.

குதிரைக்காகக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. குதிரை அதற்குள் பிழைத்துவிட்டது. அந்தக் கடிதத்தால் அதன் பிறகு ஆகக்கூடியது இரண்டுதான், என் மேல் உள்ள பழி நீங்கும், உன் வேலை போகும். தெரிந்துதான் கொடுத்தேன். இருபது அடி நடந்து தபாலில் போட உன்னால் முடியவில்லை. எனக்கும் அதே தூரம்தான் இருக்கும், நடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, மனம் லேசாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உனக்கு நாற்பத்தொன்பது வயது, இதைத் தவிர வேறு வேலை தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அப்போது அழுகை வந்தது. பத்து மாதத்தில் முதல் தடவை. ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றாமல் வெகுநேரம் அழுதேன். அன்று நீ விழுந்ததற்கு நான் காரணமில்லை. இதற்கு நான்தான் காரணம், அக்கா.

இருபதாம் தேதி உன்னைக் கூட்டிவர வருகிறேன். வராதே என்று எழுத உனக்கு நேரமில்லை, கடிதம் வந்து சேர மூன்று நாளாகிறது.

தம்பி